முகத்துக்கு ஊசி போடும் முன்: போடாக்ஸ், ஃபில்லர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் மருத்துவமனைகளில் காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முகத்தில் போடும் ஊசி க்ரீம், பவுடர் போன்ற சமாச்சாரம் அல்ல, அது மருந்து. என்ன மருந்து, எவ்வளவு, யார் கையால், ஏதாவது தப்பாகிப்போனால் அடுத்து என்ன என்ற நான்கும் ஊசி ஏறும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போடாக்ஸ், ஃபில்லர் ரெண்டும் ஒண்ணுதானே? பார்லர்ல அப்படித்தான் சொன்னாங்க.

இல்லை. போடாக்ஸ் என்பது பொட்டுலினம் டாக்சின் ஏ என்ற மருந்தின் ஒரு பிராண்ட். ஜெராக்ஸ் மாதிரி அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற தூது வேதிப்பொருள் வெளிவருவதை அது தடுக்கும். தசைக்குச் ‘சுருங்கு’ என்ற தகவல் போய்ச் சேராது. ஆகவே முகம் அசையும்போது விழும் கோடுகளுக்குத்தான் அது பயன்படும்: புருவங்களுக்கு நடுவே, நெற்றியில், கண்ணோரத்தில்.

ஃபில்லர் தசையின் வேலையில் தலையிடாது, பள்ளத்தை நிரப்பும். பெரும்பாலும் ஹயலூரோனிக் அமில ஜெல், 1 மி.லி. சிரிஞ்சில் தயாராக அடைத்து வரும். ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழ்க் குழி, மெல்லிய உதடு, மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு ஆகியவற்றுக்குப் போடுகிறார்கள். குழிக்குப் போடாக்ஸ் போட்டால் பணம் வீண். புருவ இடையில் விழும் கோபக் கோட்டுக்கு ஃபில்லர் போட்டால் பணம் வீணாவதோடு ஆபத்தும் சேரும். ஏன் என்பது கண்பார்வை பற்றிய கேள்வியில் இருக்கிறது.

அது விஷம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். கெட்டுப்போன டப்பா உணவில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு அது. மிக நுண்ணிய அளவில், குறிப்பிட்ட தசைக்குள் செலுத்தும்போது மருந்தாகிறது. அழகுக்கு வருவதற்கு முன்பே 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதித்தது. புருவ இடைக் கோட்டுக்கு அனுமதி கிடைத்தது 2002இல்.

சரியான மருந்து, சரியான அளவு என்றால் அது போட்ட இடத்தோடு நின்றுவிடும். விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, மூச்சு வாங்குவது, கழுத்து நிற்காமல் துவள்வது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தலைகாட்டினாலும், ஊசி போட்டுச் சில நாள் ஆகியிருந்தாலும், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ‘பொட்டுலினம் ஊசி போட்டேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

போட்ட அன்னைக்கே தெரியுமா? எத்தனை மாசம் இருக்கும்?

டாக்சின் மூன்று நான்கு நாளில் தெரியத் தொடங்கி, 14 நாளில் முழுசாகப் பிடிக்கும். மூன்று முதல் நான்கு மாதம் இருக்கும். ஐந்தாம் நாளே ‘பத்தலை, இன்னும் போடுங்க’ என்று போய் நிற்காதீர்கள்; இரண்டு வாரம் கழித்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். ஃபில்லர் அன்றைக்கே தெரியும், ஆனால் அதில் பாதி வீக்கம். இரண்டு வாரத்துக்குப் பிறகு தெரிவதுதான் அசல் வடிவம். ஜெல்லின் தடிமனையும் போட்ட இடத்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். அதிகம் அசையும் உதட்டில் சீக்கிரம் கரையும்.

யாரு போடலாம்? காஸ்மெட்டாலஜிஸ்ட்னு போர்டு இருந்தா போதுமா?

போதாது. அந்தச் சொல் எந்த மருத்துவ முதுகலைப் பட்டத்தையும் குறிப்பதில்லை; சில வாரப் பயிற்சி முடித்தவரும் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார். நீங்கள் தேட வேண்டியது தோல் மருத்துவத்தில் எம்.டி. டி.வி.எல்., டி.என்.பி. அல்லது டி.டி.வி.எல்., இல்லையென்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். பெயரையும் பதிவு எண்ணையும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் அச்சிட வேண்டியது டாக்டரின் கடமை. அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று: ஆலோசனை சொன்னவரே ஊசியையும் போடுகிறாரா என்று கேளுங்கள். பெரிய டாக்டர் பேசிவிட்டு எழுந்து போக, உதவியாளர் ஊசியோடு வருவது சில இடங்களில் நடக்கிறது. வீட்டுக்கு வந்து போடுகிறோம், ஹோட்டல் அறையில் முகாம், தோழிகள் நாலு பேர் சேர்ந்தால் தள்ளுபடி என்பவை எல்லாம் அவசர மருந்து இல்லாத இடங்கள். போகாதீர்கள்.

டாக்டர்கிட்ட எதெல்லாம் சொல்லணும்? சும்மா முகத்துக்குத்தானே போடறோம்?

கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, குழந்தைக்கு முயல்வது: மூன்றிலும் தள்ளிப்போடுங்கள். மையஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் இருந்தால் டாக்சின் வேண்டாம் என்றுதான் டாக்டர் சொல்வார். ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஆன்ட்டிபயாட்டிக் போட்டுக்கொண்டிருந்தால் டாக்சினின் வேகம் கூடும். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டிஸ்போர்ட் என்ற டாக்சின் பிராண்ட் ஆகாது. பாலுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து யாருமே சொல்லாமல் விடும் விஷயம் இது.

உதட்டில் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமா? உதட்டு ஃபில்லருக்கு முன்பே வைரஸ் தடுப்பு மாத்திரை தர வேண்டியிருக்கும். பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, பல் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்கும் ஃபில்லருக்கும் முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்; வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி ஜெல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். முகத்தில் பழுத்த பரு இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். தழும்பு தடித்துக் கீலாய்டு ஆகும் உடம்பா என்பதையும், முன்பு எங்கே என்ன ஃபில்லர் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, வலி மாத்திரைகள் ரத்தக்கட்டைக் கூட்டும். இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கன்னத்தில் நீலம் பாரித்தால் பத்து நாளில் போய்விடும்.

‘ஒரு ஏரியாவுக்கு இவ்வளவு’ன்னு ரேட் சொல்றாங்க. அதுல என்ன தப்பு?

எத்தனை யூனிட் (டாக்சினின் வீரியத்தை அளக்கும் அலகு) ஏறியது என்று உங்களுக்குத் தெரியாமலே போகும், அதுதான் தப்பு. போடாக்ஸ் பிராண்டின் பயன்பாட்டுக் குறிப்பில் புருவ இடைக் கோட்டுக்கு 5 இடத்தில் 4 யூனிட் வீதம் 20 யூனிட், கண்ணோரத்துக்கு இரு பக்கமும் சேர்த்து 24, நெற்றிக்கு 20. முகத்தைப் பார்த்து டாக்டர் கூட்டுவார், குறைப்பார், நியாயம்தான். ஆனால் எண்ணைச் சொல்ல வேண்டும். பிராண்டுக்குப் பிராண்ட் யூனிட்டும் ஒன்றல்ல. போடாக்ஸில் 20 கொடுக்கும் இடத்தில் டிஸ்போர்ட் 50 யூனிட். ஆகவே ‘அங்கே யூனிட் பாதி விலை’ என்று யாராவது சொன்னால் எந்த பிராண்ட் என்பதே முதல் கேள்வி.

கலக்கும் விதத்தையும் கவனியுங்கள். மருந்து உலர்ந்த படலமாக வரும். உப்புநீர் விட்டுக் கரைக்கிறார்கள். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. விட்டால் 0.1 மி.லி.யில் 4 யூனிட். 5 மி.லி. விட்டால் அதே 0.1 மி.லி.யில் 2 யூனிட்தான். பல கிளினிக்குகளில் இன்சுலின் சிரிஞ்சில் ஏற்றுகிறார்கள். அதன் பக்கத்தில் ‘20’ என்ற கோடு வரை மருந்து நிற்பதைப் பார்த்து இருபது யூனிட் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எண் இன்சுலினுக்கானது. ஒரு மி.லி.க்கு 100 கோடு உள்ள யூ-100 வகைச் சிரிஞ்சில் 20ஆம் கோடு என்பது 0.2 மி.லி.; 2.5 மி.லி. விட்டுக் கரைத்த மருந்தானால் அதில் இருப்பது வெறும் 8 யூனிட். ‘எத்தனை மி.லி. விட்டுக் கரைச்சீங்க டாக்டர்?’ என்று கேட்டாலே கணக்கு தெளிவாகிவிடும். அதிகம் நீர்த்திருப்பது எல்லா நேரமும் ஏமாற்று வேலை அல்ல. சொல்ல மறுப்பதுதான் பிரச்சனை.

ஒரிஜினல் மருந்துதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பெட்டியையும் குப்பியையும் உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பெயர், யூனிட் அளவு, பேட்ச் எண், காலாவதித் தேதி, ரூபாயில் எம்.ஆர்.பி., வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் முகவரியும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டி முழுக்க ஏதோ ஒரு அயல்மொழி, இந்திய லேபிளே இல்லை என்றால் அது முறைப்படி வந்த சரக்கு அல்ல. போடாக்ஸ் குப்பியைக் கரைக்கும் முன் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தால் கேள்வி கேளுங்கள்.

பார்க்க ஒரு சின்ன அடையாளமும் உண்டு. போடாக்ஸ் குப்பிக்குள் வெற்றிடம் இருக்கும். ஊசி ரப்பரைத் துளைத்ததும் உப்புநீர், யாரும் அழுத்தாமலே, சர்ரென்று உள்ளே இழுபடும். இழுக்கவில்லையானால் அந்தக் குப்பியை எறிந்துவிடச் சொல்கிறது நிறுவனத்தின் குறிப்பு. ஃபில்லர் பெட்டிக்குள் சிரிஞ்சோடு உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கும்: ஒன்று கோப்பில், ஒன்று உங்கள் கையில். கேட்டு வாங்கி, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் அமெரிக்காவில் போலி போடாக்ஸால் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டு, பாதிப்பேர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று.

ஒரே சிரிஞ்ச் ஃபில்லரை நானும் தங்கச்சியும் பாதிப் பாதி போட்டுக்கலாமா? மிச்சத்தை ஃபிரிட்ஜ்ல வெச்சு அடுத்த மாசம் போடறேன்னாங்க.

கூடவே கூடாது. ஊசியை மாற்றினாலும் சிரிஞ்சுக்குள் ரத்தம் பின்னோக்கி ஏறியிருக்கும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரவும் வழி இது. ஒரு சிரிஞ்ச் ஒருவருக்கு, ஒரு அமர்வுக்கு. மிஞ்சினால் குப்பை.

ஊசி போட்ட அன்னைக்குப் பொட்டு வைக்கலாமா? தலைக்குக் குளிக்கலாமா?

நம் ஊரில் யாருமே எழுதித் தராத அறிவுரை இது. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடம்தான் புருவ இடைக் கோட்டின் ஊசி இடம். பசையும் அழுத்தமும் குங்குமமும் விபூதியும் திறந்த ஊசித் துளைக்கு ஆகாது. அன்று முழுக்க வெறும் நெற்றியாக விடுங்கள். டாக்சின் போட்டு நான்கு மணி நேரம் படுக்காமல், குனிந்து வேலை செய்யாமல் இருங்கள். நெற்றியை இறுக்கும் ஹெல்மெட்டும் அந்த நேரத்துக்கு வேண்டாம். ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய்வாருங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, ஃபேஷியல், த்ரெட்டிங், சிரசாசனம் எல்லாம் டாக்சினுக்கு ஒரு வாரம், ஃபில்லருக்கு இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். சாதாரணக் குளியல் அன்றே குளிக்கலாம்; தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.

கல்யாணம் நெருங்குது. எத்தனை நாள் முன்னாடி போடலாம்?

டாக்சினுக்கு முகூர்த்தத்துக்கு 4 வாரம் முன்பாவது: இரண்டு வாரம் பிடிக்க, இன்னும் இரண்டு வாரம் குறையிருந்தால் சரிசெய்ய. ஃபில்லருக்கு 6 வாரம். நலங்கு வைத்து மஞ்சள் பூசுவதையும் கணக்கில் சேருங்கள். முதன்முறை போடுகிறவர் கல்யாண மாதத்தில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். உங்கள் முகம் மருந்தை எப்படி ஏற்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இமை தொங்கிடும்னு பயமா இருக்கு.

நடக்கும், அபூர்வமாக. புருவத்துக்கு அருகே போட்ட டாக்சின் இமையைத் தூக்கும் தசைக்குக் கசிந்தால் ஒரு கண் பாதி மூடினாற்போல் நிற்கும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தேறும். அதுவரை ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. தூக்கிக்காட்டச் சொட்டு மருந்து உண்டு. அதை உடனே திருப்பும் மருந்து கிடையாது. தேய்த்துவிடுவது, சூடு ஒத்தடம் எதுவும் உதவாது. முன்பே இமை கனத்து, நெற்றியைத் தூக்கித்தான் பார்க்கிறீர்கள் என்றால் நெற்றிக்குப் போடும் ஊசி அந்தத் தாங்கலை எடுத்துவிடும். டாக்டர் உங்களைக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லிப் பார்க்காமலே நெற்றியில் புள்ளி வைக்கிறார் என்றால் நிறுத்திக் கேளுங்கள்.

ஃபில்லரால கண்ணு போகும்னு படிச்சேன். பயமுறுத்தறாங்களா?

பயமுறுத்தல் இல்லை. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ஜெல் ரத்தக்குழாய்க்குள் தவறிப் போனால் அடைப்பு உண்டாகும். மூக்கு, புருவ இடை, நெற்றி ஆகிய இடங்களின் குழாய்கள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. உள்ளே அழுத்திய ஜெல் பின்னோக்கி ஓடி விழித்திரை வரை போய்விடும். விழித்திரை ரத்தம் இல்லாமல் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தாங்காது. சட்டென்று ஒரு கண்ணில் இருட்டு, கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

தோலில் மட்டும் அடைப்பு ஏற்படுவது இதைவிட அதிகம். ஊசி போட்ட அளவுக்குப் பொருந்தாத வலி, தோல் வெளுப்பது, பிறகு வலைப்பின்னல் போலக் கருநீலத் திட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சீழ்ப்பரு மாதிரிப் பொடிக் கொப்புளம். ரத்தக்கட்டு என்று நினைத்து ஐஸ் வைத்தால் குழாய் இன்னும் சுருங்கும். இதற்கு மருந்து ஹயலூரானிடேஸ்: ஹயலூரோனிக் ஜெல்லைக் கரைக்கும் நொதி, திட்டு முழுக்கத் தாராளமாகப் போட்டு, நிறம் திரும்பும் வரை மணிக்கொரு தரம் திரும்பப் போடுவார்கள்.

ஆகவே முன்பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: ‘ஹயலூரானிடேஸ் இங்கே இப்போ இருக்கா, காட்ட முடியுமா? ராத்திரி பதினொரு மணிக்கு வலிச்சா எந்த நம்பர், யார் எடுப்பாங்க? கண்ணுல பிரச்சனைன்னா எந்தக் கண் மருத்துவமனைக்கு அனுப்புவீங்க?’ வாங்கித் தருவோம் என்ற பதில் போதாது. மருந்துக் கடையில் தேடிக்கொண்டிருக்க அவகாசம் இருக்காது.

நான் கறுப்பு. வெளுத்தா எனக்கு எப்படித் தெரியும்?

பாடப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை என்பதால் இந்தக் கேள்விக்குத் தனிப் பதில் வேண்டும். மாநிறத்திலும் கறுப்பிலும் வெளுப்பு பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்தாற்போல், மங்கலாகத் தெரியும். உதட்டுக்குப் போட்டிருந்தால் உதட்டை மடித்து உள்பக்கத்தைப் பாருங்கள். விரலால் ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். இரண்டு நொடிக்குள் பழைய நிறம் வர வேண்டும். ஊசி போடாத பக்கத்திலும் அதேபோல் அழுத்தி ஒப்பிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் வேண்டாம். நிறத்தைவிட வலியை நம்புங்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டினால், நீலம் போனபின்னும் நம் தோலில் கருந்திட்டு மாதக்கணக்கில் தங்கலாம். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் கட்டாயம்.

பிடிக்கலைன்னா கரைச்சுக்கலாம்னு சொன்னாங்க. எதையும் கரைக்கலாமா?

ஹயலூரோனிக் அமிலத்தை மட்டும். வேறு வகை ஃபில்லர்களான கால்சியம் ஹைட்ராக்சிலாபடைட்டையோ பாலி-எல்-லாக்டிக் அமிலத்தையோ ஹயலூரானிடேஸ் தொடாது. திரவ சிலிகான் வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கும், பல ஆண்டு கழித்தும் கட்டி கட்டும். டாக்சினைக் கரைக்க எதுவுமில்லை. முதன்முறை என்றால் கரைக்கக்கூடிய ஜெல்லைத் தவிர வேறெதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேனீ கொட்டிக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். ஹயலூரானிடேஸுக்கும் அந்த ஒவ்வாமை வரலாம்.

நிறுத்திட்டா முன்னைவிட மோசமாயிடுமா?

ஆகாது. டாக்சின் தீர்ந்ததும் தசை பழையபடி அசையும், கோடு பழைய இடத்துக்கு வரும். நான்கு மாதம் வழவழப்பாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது மோசமாகத் தெரியும்.

ஊசியே இல்லாத ஃபில்லர் பேனா, வெள்ளையாக்குற குளுட்டாதயோன் ஊசி: இதெல்லாம்?

பேனா காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சுகிறது. எந்த ஆழத்தில் போய் நிற்கும் என்று யார் கையிலும் இல்லை. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021இல் இதற்கு எதிராக எச்சரித்தது. தோலை வெளுக்க எந்த ஊசி மருந்தையும் அது அனுமதித்ததில்லை. ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்தை நிறத்துக்காகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கையெழுத்துக் கேட்டாங்க, இங்கிலீஷ்ல நாலு பக்கம். படிக்காமப் போட்டுட்டேன்.

அடுத்த முறை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, போடும் இடம், போடுபவர் பெயர் எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி உள்ளே ஒளிந்திருக்கும். சம்மதமில்லை என்றால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. வரும், அழகு சிகிச்சைக்கு விலக்கு இல்லை. மருத்துவக் காப்பீடும் தராது.

தப்பா ஆயிடுச்சு, கிளினிக்ல போனே எடுக்கலை. என்ன பண்றது?

முதலில் உடம்பு. மேலே சொன்ன அடைப்பு அறிகுறி என்றால் போட்ட இடத்துக்காகக் காத்திருக்காமல் தோல் மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். ஃபில்லரா டாக்சினா, எந்த பிராண்ட் என்று ஸ்டிக்கரைக் காட்டினால் அங்கே பாதி நேரம் மிச்சம். ஒவ்வொரு சில மணிக்கும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள்.

பிறகு சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருந்தின் பாதகத்தை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம், நோயாளியே சொல்லலாம். டாக்டர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு, நஷ்டஈடு நுகர்வோர் ஆணையத்தில். அங்கே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். போட்டவர் டாக்டரே இல்லையென்றால் கவுன்சிலால் ஒன்றும் செய்ய முடியாது. அது போலீஸுக்கும் மாவட்ட சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் போக வேண்டிய புகார்.